பீரோவுக்குப் பத்து வரி, ஜூலிக்கு ஒரு வரி

கேள்வி:

டாக்டர் சாருக்கு வணக்கம். நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. சொந்த வீடு. கீழ்ப் போர்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும், மாடியில் ஒரு குடித்தனம். அவர் ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கார்த்திகை மாதம் காசி, கயா போக டிக்கெட் போட்டாகிவிட்டது. போக வரப் பன்னிரண்டு நாள். வீட்டில் ஜூலி என்ற ஒன்பது வயது நாட்டு நாயும், கருப்பன், மியா என்று இரண்டு பூனைகளும் இருக்கின்றன. பெங்களூரில் இருக்கும் என் மகள் போனில் தேடி, பெரம்பூரில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறாள். வயது 26. நாம் ஊருக்குப் போகும்போது நம் வீட்டிலேயே வந்து தங்கிப் பார்த்துக்கொள்வதுதான் அவள் தொழிலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. பீரோவில் நகை இருக்கிறது, வீட்டுப் பத்திரம் இருக்கிறது. முன்பின் தெரியாதவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் காசியில் போய் நிம்மதியாகச் சாமி கும்பிட முடியுமா? மாடி வீட்டுப் பையன் சும்மாவே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். 'நாயை மொட்டைமாடியில் கட்டிப்போட்டால் அவன் சோறு வைத்துவிடுவான், எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்' என்கிறார் என் வீட்டுக்காரர். அப்படியே அந்தப் பெண் வந்தாலும், ஹாலில் தெரியாமல் ஒரு கேமரா வைக்கலாம் என்கிறார். ஜூலிக்கு வலிப்புக்கு இரண்டு வேளை மாத்திரை உண்டு. இன்னொன்று, போன வருஷம் சிலிண்டர் போட வந்த தம்பி காலில் ஜூலியின் பல் லேசாகப் பட்டுவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் வர மாட்டேன் என்றுவிடுவாளோ?

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்:

அம்மா, இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் பீரோவுக்கு மட்டும் பத்து வரி. எந்தத் தட்டில் என்ன, வளைகாப்புக்குச் செய்த வளையல் எந்த டப்பாவில் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். இனி யாருக்கும் இப்படி எழுதாதீர்கள், எனக்கே உங்கள் பீரோ மனப்பாடமாகிவிட்டது. ஜூலியின் வலிப்புக்கு ஒரே ஒரு வரி. கருப்பனுக்கும் மியாவுக்கும் பெயரைத் தவிர ஒன்றுமில்லை.

காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்து பாதிப்பேர் பாகற்காயை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஏதாவது ஒன்றை விடுங்கள். ஜூலியை விட்டுவிட்டதாக ஆகிவிடக் கூடாது.

முதலில் பீரோவை முடித்துவிடுவோம், அது ஒரு காலைப்பொழுது வேலை. நகையையும் பத்திரத்தையும் பேங்க் லாக்கரில் வையுங்கள். லாக்கர் இல்லையென்றால் மகள் வரும்போது கொடுத்தனுப்புங்கள். படுக்கையறையைப் பூட்டிச் சாவியைக் காசிக்கே எடுத்துப் போங்கள். உங்கள் ஏரியா போலீஸ் ஸ்டேஷனில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை ஊரில் இல்லை, வீட்டில் இன்னார் தங்குகிறார் என்று எழுதிக் கொடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் தகவல் சொல்ல வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். இவ்வளவு செய்துவிட்டால் வீட்டில் மீதி இருப்பது டிவி, பிரிட்ஜ், மூன்று உயிர்கள். டிவியைத் தூக்கிக்கொண்டு பெரம்பூர் வரை யாரும் நடக்கப் போவதில்லை.

மொட்டைமாடி யோசனையை ஐயா மறந்துவிட வேண்டும். கார்த்திகை மழையில், சங்கிலியில், வலிப்பு வரும் நாய். ராத்திரி இரண்டு மணிக்கு ஜூலிக்கு வலிப்பு வந்தால் சங்கிலி கழுத்தில் சுற்றிக்கொள்ளும். விடிந்து சோறு வைக்க வருகிறவர்தான் பார்ப்பார். மாடி வீட்டுத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். சும்மா செய்கிறவரிடம் கணக்குக் கேட்க நமக்கு நா எழாது. 'மாத்திரை கொடுத்தியாப்பா' என்று மூன்றாம் நாள் கேட்கக் கூச்சப்படுவீர்கள், ஐந்தாம் நாள் கேட்கவே மாட்டீர்கள். அவரை இரண்டாவது ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றுச் சாவி அவரிடம் இருக்கட்டும், அது அந்தப் பெண்ணுக்கும் தெரியட்டும்.

நாய்களைக் காசு வாங்கி வைத்துப் பார்க்கும் இடங்களும் உண்டு. துள்ளித் திரியும் இளம் நாய்க்குச் சரி. அங்கே பத்து நாய் இரவெல்லாம் குரைக்கும். தூக்கம் கெடுவதும் பதற்றமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. ஜூலிக்கு அது ஆகாது. பூனைகளை அனுப்புவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நாய்க்கு ஆள்தான் வீடு, பூனைக்கு வீடுதான் வீடு. பழகிய மூலையை விட்டு வேறிடம் போன பூனை சில சமயம் நாள்கணக்கில் வாய் வைக்காது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலே கெட்டுப்போகலாம், கொழுத்த பூனை என்றால் இன்னும் ஆபத்து.

ஆகவே மகள் பிடித்திருக்கும் வழிதான் சரி. வீட்டோடு தங்கும் ஒருவர். நீங்கள் கடிதம் முழுக்க 'அவள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 'அவர்' என்றே எழுதுகிறேன். நம் வீட்டுக்கு ஒரு பொறுப்பை ஏற்று வருகிறவர்.

இப்போது நம்பிக்கைக்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பம் திருப்பதி, காளஹஸ்தி என்று ஐந்து நாள் போனது. ஆண் பூனையை விட்டுவிட்டுப் போனது அந்நியரிடம் இல்லை, சொந்த அக்கா மகனிடம். தினமும் காலையில் போட்டோ வரும், 'சூப்பரா இருக்கான் சித்தி' என்று எழுத்து வரும். நாலாம் நாள் ராத்திரி அவன் அதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தபோது, வயிற்றுக்குள் மூத்திரப்பை கல் மாதிரி இருந்தது. இரண்டு நாளாக மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியிருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்திருக்கிறான். 'கோயிலுக்குப் போன எடத்துல எதுக்கு டென்ஷன் பண்ணணும்னு சொல்லல சார்' என்றான். மூத்திரக்குழாயில் அடைப்பு ஏற்பட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். விடியும்முன் அது போய்விட்டது. அவன் திருடவில்லை, பட்டினி போடவில்லை, வீட்டைத் திறந்து போட்டுவிட்டுச் சுற்றவும் இல்லை. ஒரு போன் போடவில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டிலும் நடந்திருக்கிறது. ஒரு தீபாவளிக்கு நானும் மனைவியும் ஊருக்குப் போனோம், நாயை மச்சான் பொறுப்பில் விட்டோம். வெடிச்சத்தத்தில் மிரண்டு, திறந்திருந்த கேட் வழியே ஓடிவிட்டது. அவர் எனக்குச் சொன்னது மறுநாள் சாயங்காலம். நான் கத்துவேன் என்று பயம். அந்தப் பயம் நியாயமானது, நான் கத்துகிற ஆள்தான். மிரண்டு ஓடும் நாய் முதல் சில மணி நேரம் பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் லாரிக்கடியிலோ படிக்கட்டுக்கடியிலோதான் பதுங்கியிருக்கும். அன்றிரவே தெரிந்திருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடந்தே கண்டுபிடித்திருக்கலாம். மூன்றாம் நாள் ராயபுரம் பழைய ஸ்டேஷன் தூணடியில் காலில் காயத்தோடு கிடைத்தது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்லும் ஸ்டேஷன். எனக்கு அந்தத் தூண்தான் ஞாபகம். மச்சானைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது என்று புரியக் கொஞ்ச நாளாயிற்று.

மூன்றாவது ஆள் காசிமேட்டுப் பையன் ஒருவன். காசு வாங்கிக்கொண்டு நாய் பார்க்கிறவன். முதல் தடவை ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தான்: 'சார், நாய் இன்னிக்கு நாலு தபா தண்ணி குடிச்சிச்சு சார், ஓகேவா?' எரிச்சலாக இருந்தது. இன்னொரு நாள் காலை ஆறு மணி: 'மூக்குல ஒரு சொட்டு ரத்தம் சார். தொடச்சேன், திரும்ப வருது.' உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் தரைமட்டத்தில் இருந்தன. அன்றே மருந்து தொடங்கியதால் பிழைத்தது. சொந்தக்காரர்களாக இருந்திருந்தால் வெயிலுக்கு மூக்கு உடைந்தது என்று விட்டிருப்பார்கள். என்னிடம் ஆள் கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் அவன் நம்பரைத்தான் கொடுக்கிறேன்.

நீங்கள் தேட வேண்டியது இந்தக் குணத்தைத்தான். கெட்ட சேதியை உடனே, அப்படியே சொல்கிறவர். அவர் பெரம்பூர்க்காரரா, சொந்தக்காரரா, ஆதார் நகல் கொடுத்தாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நகல் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நகல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்காது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குமுன் அவர் பார்த்துக்கொண்ட இரண்டு வீட்டு நம்பரை வாங்குங்கள். 'நல்ல பெண்ணா?' என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'அவர் இருந்தபோது என்ன தப்பு நடந்தது? உங்களுக்கு எப்போது சொன்னார்?' என்று கேளுங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்று இருவரும் சொன்னால் அது ஒன்றும் பெரிய சான்றிதழ் இல்லை. 'பூனை ஒருநாள் வாந்தி எடுத்தது, அரை மணியில் வீடியோ அனுப்பினார்' என்று ஒருவர் சொன்னால் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்கு நீங்களும் ஐயாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்குப் போய் அவர் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அவர் அம்மாவும் உங்களைப் பார்க்கத்தான் காத்திருப்பார். பெண்ணை முன்பின் தெரியாத வீட்டில் பன்னிரண்டு ராத்திரி தங்க அனுப்புகிறவர் அவர். உங்களுக்கு இருக்கும் பயம் அவருக்கு இரட்டிப்பாக இருக்கும்.

பிறகு ஒத்திகை. ஒரு சாயங்காலம் வந்து பழகட்டும். அடுத்த வாரம் ஓர் இரவு தங்கட்டும், நீங்கள் இருவரும் திருவொற்றியூர் வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடலாம். காலையில் வந்து எதையும் துருவாதீர்கள். 'ராத்திரி எப்படிம்மா இருந்தது?' என்று மட்டும் கேளுங்கள். 'எல்லாம் நல்லா இருந்திச்சு ஆன்ட்டி' என்பதோடு நின்றால் இன்னொரு ஒத்திகை வேண்டும். 'மியா கட்டிலுக்கடியிலேயே இருந்திச்சு, பன்னிரண்டு மணிக்குத்தான் வெளிய வந்திச்சு. ஜூலி சோத்துல பாதி வெச்சிடுச்சு' என்று அவராகச் சொன்னால் சாவியைக் கொடுங்கள்.

நீங்கள் கேட்ட பல் பட்ட விஷயம். கட்டாயம் சொல்ல வேண்டும். கடிதத்தின் கடைசியில் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் பட்டது. கெட்ட சேதியை அவர் மறைக்கக் கூடாது என்று எதிர்பார்க்கும் நாம், அவரிடம் ஒன்றை மறைத்துக்கொண்டு தொடங்கலாமா? 'லேசா பட்டது' என்றும் சொல்லாதீர்கள். எப்போது, யாரை, ஏன், தோல் கிழிந்ததா என்று சொல்லுங்கள். என் அனுபவத்தில் சிலிண்டரின் இரும்புச் சத்தத்துக்கு மிரளும் நாய்கள் நிறைய. இன்னொரு சிலிண்டர் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டுக்குள் யாரும் எதையும் கொண்டுவர வேண்டாம். கேட்டருகே ஆள் வந்தால் ஜூலி உள்ளறையில். தெருவில் இறங்கினால் எப்போதும் கயிறு. இதைக் கேட்டு அவர் பயந்து விலகினால் நல்லதாகப் போயிற்று. 'அப்ப அதுக்கு எது புடிக்காதுன்னு ஒரு லிஸ்ட் குடுங்க ஆன்ட்டி' என்றால் அவர்தான் ஆள்.

ஜூலிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருஷம் தாண்டியிருந்தால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். அந்தச் சான்றும் மாநகராட்சி உரிமமும் அந்தப் பெண்ணின் போனில் இருக்கட்டும். தடுப்பூசி போட்ட நாய்தான் என்றாலும் பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

வலிப்புக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரையை இரண்டு வேளைக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் விட்டுக் கொடுக்க வேண்டும். காலை 8, ராத்திரி 8 என்றால் அதுதான் நேரம். திடீரென்று நின்றால், மாத்திரையே சாப்பிடாத காலத்தைவிட மோசமான வலிப்பு வரலாம். வேளைக்கு ஒன்று என்றால் பன்னிரண்டு நாளுக்கு 24. மழைக்காலத்தில் ரயில் தாமதமாகும், ஒன்று கீழே விழும், ஒன்றைத் துப்பும். 36 வாங்கி வையுங்கள். சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தர மாட்டார்கள், அந்தப் பெண்ணை அலையவிடாதீர்கள். ஜூலி மாத்திரையை எப்படிச் சாப்பிடும் என்று நீங்களே செய்து காட்டுங்கள். இட்லியில் வைத்துக் கொடுத்ததும் வாலை ஆட்டிவிட்டு சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்புகிற நாய்கள் எனக்கு நிறையத் தெரியும். ஒருவேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, போன் செய்து கேட்க வேண்டும்.

வலிப்பு வந்தேவிட்டால் முதலில் மணியைப் பார்க்க வேண்டும். பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும். வாயில் கை வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. நம் பக்கத்தில் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். ஜூலியின் பாதத்தில் யாரோ கொத்துச் சாவியை வைத்து அழுத்தியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், யார் என்று சொல்ல மாட்டேன், ஐயாவுக்குத் தெரியும். சாவிக்கு அந்த சக்தி கிடையாது. ஐந்து நிமிஷத்துக்குள் நின்றால் வீடியோவை எனக்கு அனுப்பினால் போதும். ஐந்து நிமிஷம் தாண்டினாலும், ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலும் ஆஸ்பத்திரிதான். வலிப்பு விட்டபின் சில நிமிஷம் ஜூலிக்கு ஆள் தெரியாது, கண் தெரியாது, பிரியமானவரையே கடிக்கும். அந்த நேரத்தில் கட்டியணைக்க வேண்டாம் என்று சொல்லிவைக்க வேண்டும். இளகிய மனசுக்காரர்கள்தான் இதில் கடி வாங்குகிறார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது. நம் பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். இரவில் எந்த வாசல், எங்கே சீட்டு என்று நீங்களே ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள். நாய் என்றதும் 'ஏத்த மாட்டேன்' என்று போகும் ஆட்டோக்கள் உண்டு, ஆகையால் தெரிந்த ஆட்டோக்காரர் இருவரிடம் முன்கூட்டியே பேசி நம்பர் கொடுங்கள். அவசரத்தில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் திரும்பி மாட்டிக்கொள்ளாமல் மின்ட் வழியாகப் போகச் சொல்லுங்கள்.

கருப்பன் ஆண். மேலே சொன்ன கதை அவனுக்காகத்தான். அவன் ஒன்றுக்குப் போகிறானா என்பதை தினமும் பார்க்க வேண்டும். மணல் தட்டில் கட்டியாக நனைந்த இடம் எத்தனை என்று எண்ணினால் போதும். தட்டில் வெறுமனே உட்கார்ந்து முக்கினால், கத்தினால், அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தால், காலை வரை காத்திருக்கக் கூடாது. மியாவை இரண்டு வேளையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். சோறு தீர்ந்திருக்கிறது என்றால் மியாதான் சாப்பிட்டது என்று அர்த்தமில்லை, கருப்பனே இரண்டு பங்கையும் முடித்திருப்பான். உடம்பு சுடுகிறதென்று பாரசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். சாப்பாட்டை மாற்றாதீர்கள். காசிமேட்டு மத்தியை வேகவைத்துப் போடுகிறவர் என்றால் முள் எடுத்து, வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரீசரில் வைத்துவிட்டுப் போங்கள்.

பிரீசர் என்றதும் மழை ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கத்துத் தெருக்களில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, கரண்ட் எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியும். எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் வேறு சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. நீங்கள் கீழ்ப் போர்ஷன், போவதும் கார்த்திகையில். மாடி வீட்டுக்காரர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை வாங்குங்கள்: தண்ணீர் வாசல்படி ஏறினால் ஆளும் மூன்று உயிர்களும் மேலே. பூனைகளுக்கு மூடி போட்ட கூடை இரண்டு, நாலு நாளைக்கு உலர் தீனி, மாத்திரை, டார்ச் எல்லாம் முதல் நாளே மாடியில் இருக்கட்டும். தேங்கிய தண்ணீரில் ஜூலியை நடக்கவிட வேண்டாம், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், கூட நடக்கிறவருக்கும் வரும்.

கேமரா. ஹாலில் வையுங்கள், தெரியும்படி வையுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். ஒளித்து வைப்பது என்றால் நான் அந்தப் பெண்ணின் பக்கம். ஹாலில்தான் அவர் படுத்துத் தூங்கப் போகிறார் என்றால் ஹாலிலும் வேண்டாம், வாசலில் ஒன்று போதும். ஒரு பெண் உடை மாற்றும் இடத்தில் ஒளித்து வைப்பது சட்டப்படி குற்றம். ஐயா அந்த நினைப்பில் சொல்லவில்லை என்று தெரியும், போலீஸ் அதைக் கேட்காது. கேமராவில் கருப்பனின் மூத்திரம் தெரியாது என்பதையும் ஐயாவிடம் சொல்லுங்கள்.

அவர் பத்திரமும் உங்கள் பொறுப்பு. நம் தெருவில் புதிதாக ஒரு பெண் பூட்டைத் திறந்தால் நாலு பேர் 'யாரும்மா நீ' என்று கேட்பார்கள், ஐந்தாவது ஆள் கேட்காமலே பின்னால் வருவான். கிளம்பும் முன்பு எதிர்வீட்டு அம்மா, மூலைக்கடை அண்ணாச்சி, மாடி வீட்டுக்காரர் எல்லோரிடமும் கூட்டிப்போய் 'இவங்க நம்ம வீட்டுல இருப்பாங்க, பாத்துக்குங்க' என்று நீங்களே சொல்லுங்கள். ஐயாவின் ஹார்பர் நண்பர்கள் யாரும் அந்தப் பன்னிரண்டு நாள் எட்டிப் பார்க்க வேண்டாம். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள்.

காசி ரயில் ஒன்றரை நாளுக்கு மேல் போகும். வழியில் பாதி நேரம் சிக்னல் இருக்காது. அதனால் முடிவெடுக்கும் உரிமையை மகளுக்குக் கொடுத்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எங்களைப் பிடிக்க முடியாவிட்டால் சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் மகள் சம்மதம் போதும், இத்தனை ரூபாய் வரை கேட்காமலே செலவு செய்யலாம் என்று. தொகை உங்கள் வசதி. பத்தாயிரம் என்று வைத்தால் ராத்திரியில் யாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்காது. அந்தப் பணத்தைத் தனியாக முன்பே கொடுத்துவிடுங்கள், சம்பளத்தில் சேர்க்காமல். சம்பளத்தில் பாதி முன்பணம், பாதி திரும்பிய அன்று, பேரம் வேண்டாம். உயிர் பிழைக்காத நிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் மகளிடம் பேசிவிடுங்கள். கஷ்டமான பேச்சுதான். ரயிலில் இருக்கும்போது பேசுவதைவிட இப்போது பேசுவது மேல்.

தினமும் இரண்டு சேதி போதும் என்று சொல்லுங்கள், காலை எட்டரைக்கும் ராத்திரி எட்டரைக்கும். மாத்திரை போனதா, கருப்பன் போனானா, மியாவைப் பார்த்தாரா. 'நல்லா இருக்கு' என்ற சேதி வேண்டாம். முதல் தடவை அவர் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்குப் பதறிப் போன் செய்வார், பூ ஜாடி உடைந்திருக்கும், ஜூலி மெத்தையில் ஈரம் செய்திருக்கும். அந்தப் போனில் நீங்கள் என்ன குரலில் பேசுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இரண்டாவது போன் வருமா வராதா என்று இருக்கும். என் மச்சான் இன்றைக்கும் எதையும் என்னிடம் நேராகச் சொல்வதில்லை, என் மனைவியிடம்தான் சொல்கிறார்.

கிளம்பப் பத்து நாள் முன்பு ஜூலியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எடையும் ரத்தமும் பார்த்து மாத்திரை அளவு சரிதானா என்று சொல்கிறேன். அந்தப் பெண்ணையும் கூட்டி வாருங்கள். வலிப்பு வந்தால் எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுகிறேன், என் நம்பரையும் கொடுக்கிறேன். பதினோரு மணிக்குப் போன் வந்தாலும் இப்போதெல்லாம் எரிச்சல்படுவதில்லை.

திரும்பி வந்த அன்று ஜூலி உங்கள் மேல் ஏறிக் குதிக்கும். கருப்பன் இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டான், பக்கத்தில் போனால் சீறக்கூடச் சீறுவான். உங்கள் மேல் ரயில் வாசனையும் ஊர் வாசனையும் இருக்கும். அதற்கு அந்தப் பெண்ணைக் குறை சொல்லிவிடாதீர்கள்.